இரத்த அழுத்த மாத்திரை மாற்றிய மூன்றாவது வாரத்தில் அம்மாவுக்குச் சோடியம் 121: மாத்திரைதான் காரணமா?

நாகலூர் மகள், அஸ்தம்பட்டி (மே 6, காலை 6.40)

வணக்கம். என் அம்மாவுக்கு வயது 72, எடை 43 கிலோ. ஏற்காடு மலையில் நாகலூருக்கு அருகே சிறிய காப்பித் தோட்டமும் வீடுமாக வாழ்பவர். கோடையில் மலையை விட்டுக் கீழே இறங்க அவருக்குச் சிறிதும் விருப்பமில்லை. ஆனாலும் இரத்த அழுத்தம் கட்டுக்குள் வரவில்லை என்பதால், ஏப்ரல் நடுவில் நான்தான் வற்புறுத்திச் சேலத்துக்கு அழைத்து வந்து என்னுடன் வைத்துக்கொண்டேன்.

எட்டு ஆண்டுகளாக அம்லோடிபின் 5 மி.கி. மட்டும் சாப்பிட்டு வந்தார். அண்மையில் கணுக்கால்கள் வீங்கத் தொடங்கின. அழுத்தம் 168/90 இருந்தது. இங்கே ஒரு மருத்துவரிடம் காட்டியபோது, அம்லோடிபினைத் தொடரச் சொல்லி, டெல்மிசார்டன் 40 மி.கி.யும் குளோர்தாலிடோன் 12.5 மி.கி.யும் சேர்ந்த ஒரே மாத்திரையைக் காலையில் ஒன்று போடும்படி எழுதிக் கொடுத்தார். வீக்கம் சில நாள்களில் வடிந்துவிட்டது. அழுத்தமும் 134/78க்கு இறங்கியது. நாங்கள் நிம்மதியடைந்தோம்.

இரண்டாவது வாரத்தில் குமட்டல் தொடங்கியது. சோற்றைப் பார்த்தாலே வேண்டாம் என்றார். குளியலறைக்குப் போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மலைக் குளிரில் பழகிய உடம்புக்குச் சேலத்துக் கோடை வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் என்று கணக்கு வைத்துக் கொடுத்தேன். ஒரு நாளைக்கு மூன்றரை லிட்டர் வரை போயிருக்கும். அழுத்தத்துக்கு உப்பு ஆகாது, குறையுங்கள் என்று மருத்துவரிடத்திலும் சொல்லியிருந்ததால் ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, சமையலிலும் உப்பைப் பாதியாகக் குறைத்தேன். காலையில் ஒரு இட்லி, மதியம் ஒரு பிடி ரசம் சாதம், இரவில் கஞ்சி என்ற அளவில்தான் அவர் சாப்பாடு இருந்தது.

நேற்றுக் காலை வழக்கம்போல் காப்பி போட எழுந்தவர், பில்டரைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, இது எதற்கு என்று என்னிடம் கேட்டார். ஐம்பது ஆண்டுகளாகக் காப்பிச் செடிகளுக்கு நடுவே வாழ்ந்தவர் அப்படிக் கேட்டபோது எனக்கு உள்ளுக்குள் நடுங்கிவிட்டது. மாலையில் இரத்தப் பரிசோதனை செய்தோம். சோடியம் 121, பொட்டாசியம் 3.1, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 0.8, சர்க்கரை சரியாக இருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்த இடத்துக்குத் தொலைபேசியில் கேட்டேன். வயதானவர்களுக்கு உப்புக் குறைவது வழக்கம்தான் என்றும், சாப்பாட்டில் உப்பைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டு ஒரு வாரம் கழித்து வரும்படியும் சொன்னார்கள்.

மூன்று வாரமாக உப்பைக் குறைக்கச் சொன்னவர்களே இப்போது கூட்டச் சொல்கிறார்கள். கூட்டினால் அழுத்தம் ஏறாதா? இது உண்மையிலேயே மாத்திரையால் வந்ததா, நான் உப்பைக் குறைத்ததால் வந்ததா? மாத்திரையை நானாக நிறுத்தலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இரவு முழுவதும் தூங்கவில்லை.

ஓய்வுபெற்ற செவிலியர், சூரமங்கலம் (மே 6, காலை 7.05)

அம்மா, காரணத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம். இந்த விடையைப் படித்தவுடன் அம்மாவை அழைத்துக்கொண்டு, இரவு பகலாகப் பரிசோதனைக் கூடமும் தீவிர சிகிச்சைப் பிரிவும் இயங்கும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும் சரி, உங்களுக்குப் பழக்கமான பெரிய தனியார் மருத்துவமனையானாலும் சரி, நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். புறநோயாளர் வரிசையில் உட்கார வேண்டாம்.

சோடியம் 135 முதல் 145 வரை இருக்க வேண்டும். 130க்கு மேல் இருந்து ஆளும் தெளிவாக இருந்தால், மறுநாள் மருத்துவரைப் பார்க்கலாம் என்று சொல்லியிருப்பேன். 121 இருந்து, கையில் இருக்கும் பில்டர் என்னவென்று தெரியாத குழப்பமும் இருந்தால், அது வீட்டில் உப்புப் போட்டுச் சரிசெய்யும் காரியம் அல்ல. இந்த நிலையிலிருந்து வலிப்பு வருவதற்கு முன்னறிவிப்பு எதுவும் இருக்காது. வழியில் வலிப்போ மயக்கமோ வந்தால், வாயில் எதுவும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழையுங்கள்.

இன்றைய காலை மாத்திரைகளை மருத்துவமனையில் கேட்காமல் கொடுக்க வேண்டாம். அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், தூக்கத்துக்கோ மூட்டு வலிக்கோ வயிற்று எரிச்சலுக்கோ வாங்கியவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். தாகம் என்று கேட்டால் ஒரு வாய் கொடுங்கள். மணிக்கு ஒரு டம்ளர் என்ற கணக்கை இந்த நிமிடமே நிறுத்திவிடுங்கள். அவசரப் பிரிவில் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: "மூன்று வாரத்துக்கு முன் குளோர்தாலிடோன் தொடங்கினார்கள், சோடியம் 121, நேற்றிலிருந்து குழப்பம்."

நாகலூர் மகள் (மே 6, காலை 7.20)

கிளம்பிவிட்டோம். நன்றி அம்மா.

குகை வாசகர் (மே 6, காலை 9.30)

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்று நம்புகிறேன். எங்கள் அம்மாயிக்கு நடந்ததை எழுதுகிறேன். பின்னால் படிக்கிறவர்களுக்கும் பயன்படும்.

அம்மாயி ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 மி.கி. சேர்ந்த மாத்திரையை நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஒரு குறையும் இல்லாமல் சாப்பிட்டு வந்தவர். ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு உறவினர்கள் வந்திருந்த சமயத்தில் அவருக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. கஞ்சித் தண்ணீரும் வெறும் தண்ணீருமாகக் குடித்துக்கொண்டே, அழுத்த மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டார். அந்த மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது என்று நாங்கள்தான் பழக்கியிருந்தோம். மூன்றாம் நாள் விடியற்காலையில் முற்றத்தில் விழுந்து தொடை எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்கு முன் இரத்தம் எடுத்தபோது சோடியம் 118. விழுந்த அதிர்ச்சியில்தான் மாற்றிப் பேசுகிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். மருத்துவர்தான், நிலைதடுமாற்றமும் குழப்பமும் முதலில் வந்தன, விழுந்தது அதனால்தான் என்று விளக்கினார். மாத்திரை தொடங்கிய புதிதில் ஒன்றும் ஆகவில்லை என்பதற்காகப் பின்னாளில் ஆகாது என்று இருக்க முடியாது. வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ சரியாகச் சாப்பிடாத நாள்களோ வந்தால், பழைய மாத்திரையும் ஒருவரைக் கவிழ்த்துவிடும்.

இதில் எங்களை ஏமாற்றியது "உப்பு" என்ற சொல். அதற்கு மூன்று மாதம் முன்புதான் அம்மாயிக்கு இரத்தப் பரிசோதனை செய்து, உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். அவர்கள் சொன்னது கிரியேட்டினினை. நம் ஊரில் கிரியேட்டினினும் உப்புதான், யூரியாவும் உப்புதான், சிறுநீரில் புரதம் போனாலும் உப்புப் போகிறது என்றுதான் சொல்கிறோம். சோடியத்தை அன்று யாரும் பார்க்கவே இல்லை என்பது பிறகு தாளை எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஆகவே உப்பு பார்த்தீர்களா என்று கேட்காமல், சோடியமும் பொட்டாசியமும் பார்த்தீர்களா, எண் எவ்வளவு என்று கேளுங்கள். அம்மாயி பிழைத்துக்கொண்டார், இன்று ஊன்றுகோலுடன் நடக்கிறார். அந்த விழுகையைத் தவிர்த்திருக்கலாம் என்ற எண்ணம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

மருந்தாளுநர், செவ்வாய்ப்பேட்டை (மே 6, பகல் 12.10)

மருந்துக் கடையில் நிற்பவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களில் பலருக்குத் தாங்கள் நீர் மாத்திரை, அதாவது உப்பையும் நீரையும் சிறுநீராக வெளியேற்றி அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரை, சாப்பிடுகிறோம் என்பதே தெரியாது. டெல்மிசார்டன் மட்டும் உள்ள மாத்திரையின் பெயரும், அதனுடன் இன்னொரு மருந்து சேர்ந்த மாத்திரையின் பெயரும் ஒன்றேதான். கடைசியில் ஓரிரண்டு எழுத்துகள்தான் வேறுபடும். பெயருக்குப் பின்னால் எச் என்று இருந்தால் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதயசைடு, ஏ.எம். என்று இருந்தால் அம்லோடிபின், சி.டி. என்று இருந்தால் குளோர்தாலிடோன். நிறுவனத்துக்கு நிறுவனம் எழுத்து மாறும் என்பதால் எழுத்தை மட்டும் நம்பாமல், அட்டையின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் மருந்துப் பெயர்களைப் படியுங்கள். இந்தாபமைடு என்று இருந்தாலும் விளைவில் அது இதே குடும்பம்தான்.

பழைய அட்டையைக் காட்டி, இதே மாத்திரை கொடுங்கள் என்று கேட்கும்போது அந்தக் கடைசி எழுத்தை இரு தரப்பும் கவனிக்க வேண்டும். நான் கூடுமானவரை வாசித்துக் காட்டித்தான் கொடுக்கிறேன்.

இந்த நீர் மாத்திரைகளைத் தயசைடு வகை என்பார்கள். அவற்றோடு சேரும்போது சோடியத்தை மேலும் இறக்கக்கூடிய மருந்துகளும் உண்டு. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் தரப்படும் கார்பமசிபின், ஆக்ஸ்கார்பசிபின், மூட்டு வலிக்குக் கடையில் தாமாகவே கேட்டு வாங்கும் வலி மாத்திரைகள், ஏன், வயிற்று எரிச்சலுக்கான பாண்டோப்ரசோல்கூடச் சிலருக்கு இதைச் செய்யும். ஒரு மருத்துவர் அழுத்தத்துக்கு எழுதியதை, நரம்புக்குப் பார்க்கும் மருத்துவர் அறியாமல் இருப்பது அன்றாடம் நடப்பது. இரண்டு சீட்டும் ஒரே கைக்கு வருவது கடையில்தான் என்பதால், இந்தப் பொறுப்பு எங்களுக்கும் இருக்கிறது என்றே கருதுகிறேன்.

அம்மாப்பேட்டை நெசவாளி மகன் (மே 6, பிற்பகல் 3.45)

மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு தினமும் இரண்டு இளநீரும், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரும் கொடுத்துப் பாருங்கள். எங்கள் தறிப் பட்டறையில் வெயிலில் சோர்ந்து விழுகிறவர்களுக்கு இதைத்தான் கொடுப்போம், உடனே தெளிந்துவிடுவார்கள். மாத்திரை எதுவானாலும் உடம்பு சூடுதான்.

பொது மருத்துவர், சேலம் (மே 6, இரவு 9.20)

செவிலியர் அம்மாவின் விடை மிகச் சரியானது. நோயாளி இந்நேரம் மருத்துவமனையில் இருப்பார் என்பதால், உண்மையில் உடலுக்குள் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். அது புரிந்தால் உப்பு, தண்ணீர், இளநீர் பற்றிய கேள்விகளுக்கு விடை தானாகவே கிடைக்கும்.

சோடியம் 121 என்றால் உடம்பில் உப்பு தீர்ந்துவிட்டது என்றே எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள். பரிசோதனை எண் காட்டுவது உடம்பில் இருக்கும் மொத்த உப்பை அன்று. ஒரு லிட்டர் இரத்த நீரில் எவ்வளவு சோடியம் கரைந்திருக்கிறது என்பதை. ரசத்தில் தண்ணீரை ஊற்றினால் உப்பு காணாமல் போவதில்லை, ஆனால் ரசம் சப்பென்று ஆகிவிடுகிறது. தயசைடு வகை மாத்திரையால் சோடியம் குறைகிறவர்களில் பலருக்கு உப்பு கொஞ்சம் போயிருக்கும், ஆனால் வெளியேற வேண்டிய தண்ணீர் வெளியேறாமல் தங்கியிருப்பதே பெரும் பங்கு. அழுத்தத்துக்குக் கொடுத்த நீர் மாத்திரை எப்படித் தண்ணீரைத் தங்க வைக்கும் என்று கேட்பீர்கள். சிறுநீரகம் மிகையான தண்ணீரை வெளியேற்ற வேண்டுமானால், முதலில் சிறுநீரிலிருந்து உப்பைத் திரும்ப உறிஞ்சி அதை நீர்த்துப்போகச் செய்ய வேண்டும். அந்த நீர்த்தல் நடக்கும் குழாய்ப் பகுதிகளுள் ஒன்றில்தான் ஹைட்ரோகுளோரோதயசைடும் குளோர்தாலிடோனும் உப்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றன. ஆகவே உப்பு வெளியேறுகிறது, ஆனால் குடித்த தண்ணீரை முழுதும் வெளியேற்றும் திறன் குறைகிறது. பியூரோசெமைடு என்ற இன்னொரு வகை நீர் மாத்திரை வேறொரு பகுதியில் வேலை செய்வதால் அதில் இந்தச் சிக்கல் ஒப்பீட்டளவில் குறைவு.

இதற்கு மேல் இன்னொன்று இருக்கிறது. வெறும் தண்ணீரைச் சிறுநீரகம் வெளியே தள்ளாது. கழிவுப் பொருளோடு சேர்த்துத்தான் தள்ளும். அந்தக் கழிவு, நாம் சாப்பிடும் உப்பிலிருந்தும் புரதத்திலிருந்து உண்டாகும் யூரியாவிலிருந்தும்தான் பெரும்பாலும் வருகிறது. ஒரு இட்லி, ஒரு பிடி ரசம் சாதம், கஞ்சி என்று சாப்பிடுகிறவருக்கு அந்தக் கழிவே போதாது. உப்பும் பாதி, புரதம் ஏறக்குறைய இல்லை, தண்ணீர் மூன்றரை லிட்டர், சிறுநீரகத்தின் கையைக் கட்டும் மாத்திரை, 43 கிலோ எடை, 72 வயது, பெண் என்ற எல்லாமும் ஒரே வீட்டில் கூடிவிட்டன. மூப்பு, குறைந்த எடை, பெண்ணாக இருத்தல் மூன்றுமே இந்த விளைவுக்குக் கூடுதல் வாய்ப்புள்ளவை என்று நன்கு அறியப்பட்டவை. பெரும்பாலும் மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே வரும். பொட்டாசியமும் சேர்ந்து குறைந்திருப்பது சந்தேகத்தை இன்னும் உறுதிப்படுத்துகிறது. நீங்கள் அன்போடு செய்ததுதான் எல்லாமும், மகளே. கோடையில் தண்ணீர் கொடுப்பது யாரும் செய்வது. மருந்து எழுதும்போதே, இரண்டு வாரத்துக்குள் சோடியம், பொட்டாசியம் பாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டியது எங்கள் தரப்பின் கடமை.

அம்மாப்பேட்டை நண்பருக்கு: தறிப் பட்டறையில் வியர்வையாக உப்பையும் நீரையும் இழந்த இளைஞருக்கு நீங்கள் கொடுப்பது பொருத்தமானது. இந்த அம்மாவுக்குப் பொருந்தாது. இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் அதைவிட மிகக் குறைவு. ஆகவே சோடியத்தைப் பொறுத்தவரை அது இன்னும் ஒரு டம்ளர் தண்ணீர்தான். டெல்மிசார்டன் பொட்டாசியத்தை உயர்த்தும் இயல்புள்ளது என்பதால், அதைச் சாப்பிடுகிறவர்கள் தினமும் இளநீர் குடிப்பதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். வயிற்றுப்போக்குக்கான உப்புச் சர்க்கரைக் கரைசல் ஒரு லிட்டரில் இருப்பது 75 மில்லிமோல் சோடியம். இரத்தத்தில் இருக்க வேண்டிய அளவில் ஏறக்குறைய பாதி. எந்த மருத்துவரும் சொல்லாமல் இந்த நோய்க்கு அதைக் கொடுக்க வேண்டாம். மாத்திரை எல்லாமே சூடு என்பதையும் ஏற்க இயலவில்லை. அந்த எண்ணத்தால் அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுப் பக்கவாதத்தோடு வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சிகிச்சை பற்றி ஒரு வார்த்தை. உறவினர்கள், சோடியத்தை ஏன் இன்றே சரியாக்கவில்லை என்று கோபப்படுவது உண்டு. பல நாள்களாக மெல்லக் குறைந்த சோடியத்துக்கு மூளைச் செல்கள் தம்மைப் பழக்கிக்கொண்டிருக்கும். அதை ஒரே நாளில் மேலே ஏற்றினால் மூளைத் தண்டின் நரம்புறைகள் சிதைந்து, பேச்சும் விழுங்குதலும் கைகால் அசைவும் போய்விடக்கூடும். எனவே சோடியம் எண் 24 மணி நேரத்தில் 8 முதல் 10 வரைதான் கூடலாம் என்ற எல்லையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வோம். பொட்டாசியம் குறைந்தவர்களும் உணவின்றி மெலிந்தவர்களும் இன்னும் கவனமாக நடத்தப்பட வேண்டியவர்கள். குழப்பமோ வலிப்போ இருந்தால் 3 சதவீத உப்புக் கரைசலைச் சிறிய அளவில் ஏற்றுவோம். அது முதல் நான்கைந்து எண்ணை உயர்த்தி ஆபத்தைத் தணிப்பதற்கு. அதன் பிறகு அவசரம் தேவையில்லை. மாத்திரை நின்றதும் சிறுநீரகம் விழித்துக்கொண்டு தண்ணீரைக் கொட்டத் தொடங்கும்போது சோடியம் தானாகவே வேகமாக ஏறிவிடுவது உண்டு. அதனால்தான் சில மணி நேரத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுக்கிறார்கள், சிறுநீரை அளக்கிறார்கள். தயவுசெய்து அதற்குத் தடை சொல்லாதீர்கள்.

இத்தனையும் எழுதிவிட்டு, இந்த மருந்துகள் கெட்டவை என்ற எண்ணத்தை விட்டுச் செல்ல எனக்கு விருப்பமில்லை. 80 வயதைக் கடந்தவர்களிடம் இந்தாபமைடை முதன்மையாக வைத்து நடத்தி 2008இல் வெளியான ஹைவெட் ஆய்வில், பக்கவாதமும் மரணமும் குறைந்தன. பெரும்பாலானவர்களுக்கு இவை நல்ல மருந்துகள். யாருக்கு எழுதுகிறோம் என்று பார்த்து எழுதி, இரத்தத்தைத் திரும்பப் பார்த்தால் போதும். ஒருமுறை இதனால் சோடியம் இந்த அளவுக்கு இறங்கியவருக்கு மட்டும், குறைந்த அளவில்கூட, இந்த வகையை மறுபடி தரக் கூடாது.

நாகலூர் மகள் (மே 11, மாலை 5.15)

அம்மா இன்று வீடு வந்துவிட்டார். உங்கள் எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

அன்று அவசரப் பிரிவில் செவிலியர் அம்மா சொல்லித் தந்த வாக்கியத்தை அப்படியே சொன்னேன். உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். அங்கே எடுத்த இரத்தத்தில் சோடியம் 119. நான் வீட்டிலேயே காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. மருத்துவர் எழுதியதைப் போலவே, சிறிய பாட்டிலில் 3 சதவீத உப்புக் கரைசலை இருபது நிமிடம் ஏற்றினார்கள், பொட்டாசியம் கொடுத்தார்கள், தண்ணீரை அளந்து கொடுத்தார்கள். வேறு காரணம் இருக்கிறதா என்று தைராய்டு, கார்டிசோல் ஹார்மோன்களையும் பார்த்தார்கள். இரண்டும் சரியாக இருந்தன. மறுநாள் காலை 126, மூன்றாம் நாள் 130, இன்று 134. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஊசி குத்துகிறார்களே என்று என் தம்பி சண்டைக்குப் போக இருந்தான். உங்கள் விடையைக் கைப்பேசியில் காட்டித்தான் அமைதிப்படுத்தினேன்.

மூன்றாம் நாளே தெளிவு வந்துவிட்டது. மருத்துவமனையில் கொடுத்த காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, சிக்கரி கூடுதல் என்று டம்ளரைக் கீழே வைத்தார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

இப்போது டெல்மிசார்டன் 40 தனியாகவும், அம்லோடிபின் 2.5 மி.கி.யும் கொடுத்திருக்கிறார்கள். கால் வீக்கமே அம்லோடிபினால் வந்திருக்கலாம் என்றும், அதைக் குறைத்திருந்தால் நீர் மாத்திரைக்குத் தேவையே இருந்திருக்காது என்றும் மருத்துவர் சொன்னார். அழுத்தம் 142/80 இருக்கிறது. எனக்கு இன்னும் இரண்டு கேள்விகள். ஊறுகாயும் அப்பளமும் திரும்பத் தரலாமா, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர்? அம்மா மலைக்குத் திரும்பியே ஆக வேண்டும் என்கிறார். அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி எத்தனை முறை பரிசோதனைக்கு வர வேண்டியிருக்கும்?

பொது மருத்துவர், சேலம் (மே 11, இரவு 8.50)

மிகவும் மகிழ்ச்சி. கால் வீக்கத்தைப் பற்றி உங்கள் மருத்துவர் சொன்னது முக்கியமானது. அம்லோடிபினால் வரும் வீக்கம், உடம்பில் நீர் கூடியதால் வருவதன்று. நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து நீர் திசுவுக்குள் கசிவதால் வருவது. அதற்கு நீர் மாத்திரை சரியான விடையன்று. டெல்மிசார்டன் உடன் இருந்தால் அந்த வீக்கம் ஓரளவு குறையும் என்பதால் இப்போதைய ஏற்பாடு நல்லது. ஒரு மருந்தின் விளைவை இன்னொரு நோயாக நினைத்து இரண்டாவது மருந்தை எழுதுவது எங்களுக்குள் அடிக்கடி நடக்கும் தவறு.

வீட்டுச் சமையலில் எல்லாரும் சாப்பிடும் அளவு உப்பு அம்மாவுக்கும் இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவு, அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. ஊறுகாயை மருந்தாக நினைத்துத் தர வேண்டாம். ஆசைக்கு எப்போதாவது ஒரு துண்டு என்றால் நான் தடுக்கமாட்டேன். உப்பை விட அவருக்கு அவசரமாகத் தேவைப்படுவது புரதம்: காலையில் ஒரு முட்டை, மதியம் கெட்டியான பருப்பு, மாலையில் கொள்ளோ பச்சைப்பயறோ ஒரு கிண்ணம். தண்ணீரைத் தாகத்துக்குக் குடிக்கட்டும், மணிக்கணக்கு வேண்டாம். மலைக் குளிரில் அவருடைய எடைக்குக் காப்பி, ரசம், மோர் எல்லாம் சேர்த்து ஒன்றரை லிட்டர் அளவு பெரும்பாலும் போதும். உப்புக்கு மாற்று என்று கடையில் விற்கும் பொட்டாசியம் உப்பை வாங்காதீர்கள்.

சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின் மூன்றையும் மலைக்குப் போகும் முன் ஒருமுறை, அதாவது இந்த வாரக் கடைசியில் பாருங்கள். குளோர்தாலிடோன் உடம்பில் பல நாள் தங்கும் மருந்து என்பதால் இது தேவை. பிறகு ஒரு மாதம் கழித்து ஒருமுறை. அவை சரியாக இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதுமானது. வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பிட முடியாத காய்ச்சல், புதிதாக எந்த மாத்திரையும் தொடங்குதல் என்று ஏதாவது வந்தால் தேதிக்குக் காத்திருக்காமல் பாருங்கள்.

மருந்தாளுநர், செவ்வாய்ப்பேட்டை (மே 11, இரவு 9.40)

ஒரு சிறு சேர்க்கை. அம்மாவின் மருத்துவக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில், "தயசைடு வகை நீர் மாத்திரை, குளோர்தாலிடோன், இந்தாபமைடு தரக் கூடாது, சோடியம் 119 ஆனது, மே மாதம்" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் சகோதரி நாகலூருக்கு வந்தால் அவரிடமும் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் மீதமிருக்கும் பழைய அட்டையை அம்மா தம் பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்திருப்பார். அதைக் கேட்டு வாங்கி அப்புறப்படுத்திவிடுங்கள்.

நாகலூர் மகள் (மே 11, இரவு 10.05)

முந்தானையில் முடிந்து வைத்திருந்தார், ஆறு மாத்திரை. வாங்கிவிட்டேன். சனிக்கிழமை இரத்தம் எடுக்கிறோம். எண் வந்ததும் எழுதுகிறேன்.